அக்கா, ஓடிபி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரிலீஸ். அரை நாள் போச்சு.

நான் நடத்துகிற ஆப் சின்னது. அடுக்குமாடிக் கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் மெஷின் ஒன்று கீழே இருக்குமே, அதில் இன்று யார் முறை, எப்போது காலியாகும் என்று சொல்லும். அவ்வளவுதான். ஆனால் அதன் புதுப் பதிப்பை ஸ்டோரில் ஏற்றுவது இருக்கிறதே! ஐந்து மொழி, மூன்று அளவு ஃபோன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கிரீன்ஷாட். இழுத்துப் போடு, காத்திரு, சேமி. பாதி ஏறியதும் பக்கம் உறைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இவர் லிஃப்ட் மெக்கானிக். "ஒரு பட்டன அமுக்கினா மேல போகணும். இதுக்கு எதுக்கு இத்தனை பட்டன்?"

நியாயமான கேள்விதான். அதற்காக அப்போது கேட்கணுமா?

இத்தனைக்கும் உள்ளே நுழையவே ஓடிபி வேண்டும். அந்த ஆறு எண் வருவது என் ஃபோனுக்கு இல்லை, அக்காவின் ஃபோனுக்கு. தொடங்கும்போது ஸ்டோர் கணக்கை அவள் பெயரில்தான் திறந்தோம். "அக்கா, ஓடிபி" என்று மெசேஜ் அனுப்பினேன். ஆறு எண் வந்தது. முன்னால் பின்னால் ஒரு வார்த்தை இல்லை.

ஏழு மாதமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

தூக்கம் வராமல் யார் மேல் தப்பு என்று மறுபடி யோசித்தேன். அவள் மேல்தான். இதில் என்ன சந்தேகம்?

ஆப்பை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். நான் புரோகிராம் எழுதினேன், அவள் படம் வரைந்தாள். முகப்பில் அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கும் மெஷின் அவள் கை. அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கேம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்கு யார் சொன்னது? அம்மா! கூடப் பிறந்தவள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "சொன்னா நீ அழுவ, நான் போகமாட்டேன்" என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். யார் முதலில் ஃபோனை வைத்தது என்பதில் இன்றுவரை தகராறு.

மார்ச் 6, வியாழன்

முடிவு பண்ணிட்டேன். இனி எல்லாம் ஒரே கமாண்டில்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து நாளாக டெர்மினலும் நானும்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஏற்றும் வேலையை எல்லாம் தானே செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். ஸ்கிரீன்ஷாட்டை அதுவே எடுக்கும், அதுவே ஏற்றும், பதிப்பு எண்ணைக் கூட்டும், 'புதிதாக என்ன' என்ற பெட்டியில் போட வேண்டியதை ஒரு ஃபைலில் இருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு இருபது வரி சிவப்பில் திட்டுகிறது. நானும் திட்டுகிறேன். இவர் சமையலறையிலிருந்து, "என்னையா?" என்கிறார்.

மார்ச் 13, வியாழன்

ஓடிச்சு! நடுவில் நின்று ஓடிபி கேட்டது. அக்கா எண் அனுப்பினாள். மீதி எல்லாம் அதுவே செய்தது. நான் கை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஸ்டோர்க்காரர்கள் பார்த்து அனுமதித்தால் நாளை வெளியே வந்துவிடும். இன்றைக்கு நான் ராணி.

மார்ச் 14, வெள்ளி

ராணி இறங்கிவிட்டாள்.

சோதனை செய்யும்போது எரிச்சலில் அந்த ஃபைலில் எதையோ தட்டி வைத்திருந்தேன். மாற்ற மறந்தேபோனேன். ஸ்கிரிப்ட் ரொம்ப ஒழுக்கம். இருந்ததை இருந்தபடியே எடுத்துப் போட்டுவிட்டது. ஸ்டோரில் பார்த்தவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது, அனுமதித்தும் விட்டார். ஆக, எங்கள் ஆப்பின் தமிழ்ப் பக்கத்தில், 'புதிதாக என்ன' என்ற தலைப்பின் கீழ், உலகமே பார்க்க:

"உன்னோட மாரடிச்சது போதும். போய்த் தொலை."

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மத்தியானம் அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை எண் இல்லாத மெசேஜ்.

"படிச்சேன். எனக்குத்தானே?"

ஐயோ! "இல்லக்கா, ஸ்கிரிப்ட்ட திட்டினேன், டெஸ்ட்டுக்கு எழுதினது" என்று உடனே அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது, அவ்வளவுதான்.

இதை யார்தான் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையிலிருந்து களேபரம். போன பதிப்பில் என் தப்பு ஒன்று நுழைந்துவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'காலி' என்று காட்டுகிறது. ஒரு கட்டடத்தில் யாரோ யாருடைய ஈரத் துணியையோ அள்ளித் தரையில் போட்டு, பெரிய சண்டையாம். ஒற்றை நட்சத்திரமாகக் குவிகிறது. சரிசெய்யப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதை ஏற்ற ஓடிபி?

"அக்கா, ஓடிபி."

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம்தான் வந்தது. "மீட்டிங்ல இருந்தேன்" என்று ஒரு வரியோடு. அதற்குள் அந்த எண் காலாவதி. புதிது கேட்டு, வாங்கி, ஏற்றி முடிப்பதற்குள் தலை வெடித்துவிட்டது.

வேணும்னே பண்ணாளா? தெரியல. இருக்காது. இருக்கும்.

மார்ச் 20, வியாழன்

வழி இருக்கிறது. சாவி ஃபைல் என்று ஒன்று. அதை ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிட்டால் ஸ்டோர் ஓடிபியே கேட்காது. ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் தன் அடையாள அட்டையைக் காட்டி அதை எடுக்க முடியும், பாஸ்வேர்டும் ஓடிபியும் மட்டும் போதாது. அதுவும் ஒரே ஒரு தடவைதான் இறக்கிக்கொள்ள விடுவார்கள். தொலைத்தால் அந்தச் சாவியை ரத்து செய்து அவரே புதிதாக எடுக்க வேண்டும்.

அக்காவுக்கு விவரமாக எழுதினேன். கடைசியில், "இது கிடைச்சா இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்று சேர்த்தேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

மார்ச் 25, செவ்வாய்

"பாக்கறேன்" என்றிருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கு லேப்டாப்பில் சார்ஜ் இல்லையாம். கம்பெனியே கம்ப்யூட்டரில் ஓடுகிறது, இவளுக்குச் சார்ஜர் கிடைக்கவில்லையாம். காது குத்துகிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சாம்! நாலு வருஷமாக ஒரே பாஸ்வேர்டு. எனக்கே தெரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியல. "விருப்பம் இல்லன்னா நேரா சொல்லு, எதுக்கு இழுத்தடிக்கற"ன்னு அனுப்பிட்டேன். சே, அனுப்பியிருக்க வேண்டாம். இல்ல, அனுப்பினது சரிதான்.

இவரிடம் புலம்பினேன். "கணக்கையே உன் பேருக்கு மாத்திக்கயேன்" என்றார். மாற்றலாம்தான். அதற்கும் அவள் சம்மதம் வேண்டும் என்றேன். அது மட்டும் காரணம் இல்லை. அவள் பெயர் அங்கே இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. அதை இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாவி வந்துவிட்டது. மெயிலில். கூடவே ஒரு வரி: "இனிமே என்னை எதுக்கும் கேக்க வேண்டாம். நல்லா இரு."

"கிடைச்சுது" என்று மெசேஜ் அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது?

ஏப்ரல் 10, வியாழன்

ஒரே கமாண்ட். என்டர். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். திரும்பி வந்தால் எல்லாம் ஏறி, 'முடிந்தது' என்று பச்சையில் நிற்கிறது. ஓடிபி இல்லை, இழுத்துப் போடுவது இல்லை, உறைந்த பக்கம் இல்லை. ஈரக்கையோடு ஹாலில் ஒரு சுற்று ஆடினேன். இவர் கை தட்டி, "லிஃப்ட் மேல போயிடுச்சு!" என்றார்.

இத்தனை நாள் தலையால் தண்ணீர் குடித்ததற்கு இது போதும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரிலீஸ். எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஏதோ நினைப்பில் ஃபோனை எடுத்து "அக்கா, ஓடிபி" என்று அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் நினைவு வந்து அழித்தேன். மேலே பார்த்தால் கடைசியாக என்னுடைய "கிடைச்சுது". இன்னும் மேலே போனால் ஏழு மாதத்து எண்கள். ஆறு ஆறாக. நடுராத்திரியில் ஒன்று, அவள் ரயிலில் போகும்போது ஒன்று, காய்ச்சலில் படுத்திருந்தாள் என்று அம்மா சொன்ன வாரத்தில்கூட ஒன்று. ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "என்னடி, நீ இப்பல்லாம் அந்த ரிலீஸ் கிலீஸ் எதுவும் பண்றதில்லையா? உங்கக்கா கேட்டா."

"அவளே என்னைக் கேக்கலாமே?"

"அவளும் இதையேதான் சொல்றா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தந்தி ஆபீஸா?"

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். அவள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று ஏற்றிய பதிப்பு இன்று காலை ஸ்டோரில் வந்துவிட்டது. சுத்தமாக, ஒரு குறை இல்லாமல். மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். மெசேஜ் இல்லை, ஃபோன்.

எடுத்தாள். "ம்."

"அக்கா... அந்தச் சாவி தொலைஞ்சுபோச்சு."

உடனே ஆரம்பித்தாள் பாருங்கள்! "ஒரே தடவைதான் எடுக்க முடியும்னு நீதானேடி எழுதின! அறிவிருக்கா உனக்கு? சின்ன வயசுல வீட்டுச் சாவி, காலேஜ்ல ஹாஸ்டல் சாவி, இப்ப இது! எப்ப தொலைச்ச?"

"போன வாரம். டெஸ்க்டாப்ப சுத்தம் பண்ணும்போது போயிடுச்சு. அதுலேருந்து ரிலீஸே பண்ண முடியல."

"நல்லாத் தேடினியா?"

"தேடிட்டேன்."

இன்னும் திட்டினாள். நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். திட்டிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் குரல் மாறிவிட்டது. "முதல்ல ஊர் உலகத்துக்கே தெரியற மாதிரி போய்த் தொலைன்னு எழுதின. அப்புறம் சாவியக் குடு, இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்னு கேட்ட. நான் என்னன்னு நினைக்கறது? அத எடுக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகலடி. எடுத்துக் குடுத்துட்டா நீ எனக்கு எதுக்கு மெசேஜ் பண்ணப்போற? அதான் இழுத்தேன்."

"போய்த் தொலைன்னது சத்தியமா ஸ்கிரிப்ட்டதான்க்கா."

"நெஜமாவா?"

"நெஜமா."

"லூசு." மூக்கை உறிஞ்சினாள். "வேலைக்குப் போறத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். உன் முகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"பரவால்ல விடு" என்றேன். பரவாயில்லை என்று உண்மையிலேயே தோன்றியது, அதுதான் ஆச்சரியம்.

"சரி, இன்னொரு சாவிய உன்ன நம்பி மெயில்லலாம் அனுப்ப முடியாது. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். என் கண் முன்னாடி எடுத்து, என் கண் முன்னாடி பத்திரமா வை. மத்தியானம் சாப்பிட என்ன பண்ணுவ?"

"நீ என்ன கேட்டாலும்."

"பாப்போம். அப்புறம், காலைல வந்த அப்டேட்ட என் ஃபோன்ல போட்டேன். மூணாவது ஸ்கிரீன்ஷாட்ல தூங்குமூஞ்சியோட காது வெட்டுப்பட்டிருக்கு. வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு சமையலறை வரை போய்விட்டேன். அங்கே போனதும்தான் உறைத்தது. போன வாரமே சாவியைத் தொலைத்தவள் இன்று காலையில் எப்படி அப்டேட் விட்டாள் என்று அக்கா கேட்கவே இல்லை.