தெற்கு வாசலின் நான்காம் தேவதூதன்

பிப்ரவரி 3, 2006, வெள்ளி

இருமல்: எழுந்ததும் ஏழு, மாடிப்படியில் நான்கு. இந்த நோட்டில் இதை மட்டும் எழுதச் சொன்னார் டாக்டர். நாற்பது வருடம் கல்தூசு தின்ற நெஞ்சு, கணக்கெடுத்தால் ஆறிவிடுமா? நோட்டு தடியாக இருக்கிறது. மிச்சப் பக்கங்களில் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன்.

பேராலயத்தின் தெற்கு வாசலுக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். நேற்றுவரை வெறும் குழாய்கள்தான், இடுக்கில் பார்க்க முடிந்தது. இன்று போனால் தரையிலிருந்து உச்சிவரை பச்சை வலை. ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான இடத்தில் பத்து நிமிடம் நின்று வலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோபுரத்துக்கு நாரைகள் வந்துவிட்டன. அவற்றுக்கு என்ன கவலை, வலைக்கு மேலே இருக்கின்றன.

ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று பெனிக்னா கேட்டாள். குளிர் என்றேன். எங்கள் ஊரில் கட்டிய மனைவியிடம் சொல்வதற்கு இதைவிடச் சுலபமான பொய் கிடையாது.

பிப்ரவரி 6, திங்கள்

பேராலய வேலைக்கு வந்திருக்கும் புதுக் கட்டடக் கலைஞர் வீட்டுக்கே வந்துவிட்டாள். லெயிரே என்று பெயர், வடக்கே நவார்ரா பக்கத்துப் பெண். கையில் ஒரு பொட்டலம் பாதாம் கேக்கு. நல்ல வளர்ப்பு.

எண்பதுகளில் நடந்த பழுதுபார்ப்புக்கு ஒழுங்கான காகிதம் இல்லையாம். அன்றைக்கு வேலை செய்த கல்தச்சர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன். நான் மேலே வந்து, எங்கள் காலத்தில் வைத்த கல்லின்மேல் எல்லாம் சாக்பீஸால் ஒரு சிலுவைக்குறி போட்டுத் தரவேண்டும். வெறும் கல்லாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். முகம், கை, விரல் என்று யாராவது ஊகத்தில் செதுக்கி வைத்திருந்தால் கழற்றிக் கிடங்கில் போடுவார்களாம்.

“கழட்டின இடத்துல என்ன வைப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வைக்க மாட்டோம், மேஸ்திரி. போனது போனதாவே தெரியணும். அதான் இப்ப சட்டம்.”

சரி என்றேன். கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பெனிக்னா காப்பியை வைத்துவிட்டு, பேராலயம் என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறைக்குப் போனாள். அவள் போனால் கதவு சத்தமில்லாமல் மூடும்.

பிப்ரவரி 7

இதை ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன்.

வாசலின் வளைவில் இடதுபக்கம் கீழிருந்து நான்காவது தேவதூதன், தூபக்கலசம் வைத்திருப்பவன். அவன் தலை 1984 குளிர்காலத்தில் உறைபனியில் வெடித்து விழுந்தது. கழுத்துக்கு மேலே மழமழவென்று ஒரு கல்லை வை என்பதுதான் உத்தரவு. நான் எல்விராவை வைத்தேன்.

என் மகள். மூளைக்காய்ச்சலில் போகும்போது எட்டு வயது. அப்போதே ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவள் புகைப்படங்களையெல்லாம் பெனிக்னா தன் தங்கையிடம் கொடுத்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டாள், வீட்டில் ஒன்றுகூட இல்லை. மனதில் இருந்ததைப் பார்த்துத்தான் செதுக்கினேன். கட்டட வேலையைக் கவனித்த கிழட்டுப் பாதிரியார் வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். பழசாகத் தெரியத் தயிரும் புகைக்கரியும் பூசினேன். எங்கள் தொழிலில் ஒவ்வொருவனும் தன் கல்லில் தன் குறியைப் பொறிப்பான். அந்தக் கல்லில் மட்டும் நான் பொறிக்கவில்லை.

எல்விராவின் வெள்ளைப் பெட்டி அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தது. அன்றிலிருந்து பெனிக்னா அந்தச் சதுக்கத்தில் கால் வைத்ததில்லை. பூசைக்குக் கன்னியர் மடம், சந்தைக்குப் பின் சந்து. குழந்தையின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். எப்படிச் சொல்வேன்? அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்கென்று இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, வியாழன்

மேலே போனேன். மின்தூக்கிதான், ஆனாலும் பதினோரு மீட்டர் ஏறுவதற்குள் மூச்சு விசில் அடித்தது.

இத்தனை வருடம் கழித்து அவர்கள் நடுவே நிற்பது... என்ன சொல்ல. வளைவைச் சுற்றிக் கல்லில் இருபத்துநான்கு முதியவர்கள், ஆளுக்கொரு வாத்தியம். ஒருவன் நரம்பை முறுக்கிக்கொண்டிருக்கிறான், பக்கத்திலிருப்பவன் அவன் முடிக்கட்டும் என்று சலிப்போடு பார்க்கிறான். மடிப்புகளுக்குள் இன்னும் நீலம் ஒட்டியிருக்கிறது, உதடுகளில் சிவப்பு. யாரும் பார்க்க முடியாத முதுகுப் பக்கத்தில்கூட எவனோ ஒருத்தன் திராட்சை இலையை நரம்பு நரம்பாகச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். கூலிக்கு வேலை செய்தவன் எதற்கு அதைச் செய்தான்?

முப்பத்தொரு கல்லில் சிலுவை போட்டேன். லெயிரே ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள்.

நான்காம் தேவதூதனிடம் வந்தபோது கையிலிருந்த சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். “இது பழசுதானே, மேஸ்திரி?” என்றாள். இருமினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

எல்விராவைத் தொடவில்லை. லெயிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 10

தப்பித்தாள் என்று நினைக்கிறேன். பாரில் சீட்டாட்டத்தில் மூன்று கை ஜெயித்தேன். நான் ஜெயித்தால் ஊருக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 15, புதன்

எந்த முட்டாள் சொன்னது தப்பித்தாள் என்று?

தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். கழுத்தில் பட்டுத்துணி, கையில் சின்ன விளக்கு. லெயிரே என்னையும் மேலே கூப்பிட்டாள். நான்காம் தேவதூதன் முன் கால்மணி நேரம் நின்றார். வாசலிலேயே மிகச் சிறந்த வேலை இதுதானாம், எழுநூறு வருடத்துக்கு முந்திய ஒரு மாமேதையின் கையாம். அந்தக் கை அவருக்கு அரை மீட்டர் தள்ளி என் கோட்டுப் பைக்குள் இருந்தது.

சிரிப்பு வந்தது உண்மை. அடுத்து அவர் சொன்னதில் அது போய்விட்டது. இவ்வளவு அருமையான தலையை மழையிலும் புறா எச்சத்திலும் விடக்கூடாதாம். கழற்றி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கவேண்டுமாம். கீழே ஒரு சீட்டு: பெயர் தெரியாத சிற்பி, பதின்மூன்றாம் நூற்றாண்டு.

சொன்னாலும் இறக்குவார்கள். சொல்லாவிட்டாலும் இறக்குவார்கள்.

சொல்லாவிட்டால் ஊர் போற்றும். விளக்குப் போட்டு வைப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்ப்பார்கள். ஆனால் அடியில் இருக்குமே அந்தச் சீட்டு. பெயர் தெரியாதவனாம். என் பிள்ளைக்கு அப்பன் பேர் தெரியாதுன்னு எழுதி ஒட்டுவானுங்களா? நான் இன்னும் சாகலையே.

பிப்ரவரி 17, வெள்ளி

சிலுவை போட்டுவிட்டேன். கன்னத்தில் போட மனம் வரவில்லை, கழுத்தில் போட்டேன்.

லெயிரே முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். தயிரையும் கரியையும் சொன்னேன். கழுத்துக்குள் வெண்கலக் கம்பி எத்தனை விரல்கடை இறங்கியிருக்கிறது என்று சொன்னேன். கருவி வைத்துப் பார்த்தாள், நான் சொன்ன அளவுதான். யார் முகம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகு நாங்கள் இருவரும் பலகைமேல் உட்கார்ந்திருந்தோம். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

சட்டத்தை அவளால் மாற்ற முடியாது. கிடங்குக்குத்தான் போகவேண்டும். பதிவேட்டில் என் பெயரை எழுதுகிறேன் என்றாள், என் பெயரும் பிள்ளையின் பெயரும்.

பெட்டியில் போட்டு ஆணி அடிப்பதற்கு முன்னால் உங்கள் மனைவியைப் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்றும் சொன்னாள். பெனிக்னாவுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

இறக்கிவிட்டார்கள். ஒரு பல்கூடச் சேதமில்லை. கம்பியை அறுத்த சத்தம் சதுக்கத்துக்கே கேட்டது.

பிப்ரவரி 25, சனி

சொல்லிவிட்டேன். கொண்டைக்கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்விரா என்றேன். எழுந்து போகப் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வேளை, அழவில்லை. நான் பேசி முடித்ததும் கையை விடுவித்து, மிச்சக் கடலையையும் தண்ணீரில் போட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கேள்வி: “அந்த வாசல் வழியாத்தான் போகணுமா?”

இல்லை, பட்டறைக்குப் பின்பக்கம் வழி உண்டு என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

 எழுத்து கோணலாக வருகிறது, போகட்டும்.

கறுப்புக் கோட்டு, அதற்கேற்ற காலணி, முடிகூடச் சுருட்டியிருந்தாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். லெயிரே தலையை மேசைமேல் நிறுத்தி, வெள்ளைத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். நான்தான் துணியை எடுத்தேன்.

பெனிக்னா பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“யாரு இது?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நெத்தி வீங்கிப்போய், தாடை இவ்ளோ நீளமா... இந்தக் கண்ணு என்ன கண்ணு? இதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்த? எம்பொண்ணு இப்படியா இருந்தா?”

நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மேசைமேல் இருந்தது எல்விரா இல்லை. யாரோ ஒரு கிழட்டுக் குள்ளன்.

பெனிக்னா கதவுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாற்பது வருடத் தொழில், எடுபிடிக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். உயரத்துக்குப் போகும் முகத்தை எவனும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி செதுக்கமாட்டான். கீழே நிற்பவன் கண்ணுக்கு நெற்றி மறையும், தாடை குறுகும், கண் மேல்நோக்கிச் செருகும். அதனால் நெற்றியைத் தள்ளி வைக்கவேண்டும், தாடையை இழுக்கவேண்டும், கண்ணைக் கீழே சரிக்கவேண்டும். எல்லாம் செய்தேன். கீழே அண்ணாந்து நிற்பவருக்காகச் செய்துவிட்டு, மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறேன். சாரத்தில் நேருக்கு நேர் நின்றபோதும் கீழிருந்து பார்த்துப் பழகிய முகத்தைத்தான் என் கண் பார்த்திருக்கிறது. என் செருப்பாலேயே என்னை அடிக்கவேண்டும்.

“பெனிக்னா, கீழ உட்காரு,” என்றேன்.

“உனக்குப் பைத்தியமா, மனுஷா?”

“தரையில உட்காரு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.”

எழுபது வயது முட்டியோடு உட்கார்ந்தாள். புதுக் கோட்டு கல்தூசில். நானும் லெயிரேவும் தலைக்குப் பட்டை கட்டி, செயின் பிளாக் கப்பியில் மாட்டி, கூரைவரை ஏற்றினோம். நாலு இழுப்பில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, மிச்சத்தை அந்தப் பெண்தான் இழுத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினேன்.

பெனிக்னா அண்ணாந்தாள்.

லெயிரே வெளியே போய்விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேராலய மணி ஒரு தடவை அடித்தது.

“வாய் லேசாத் திறந்திருக்கு,” என்றாள் பெனிக்னா. “எப்பவும் மூக்கடைப்பு. தூங்கும்போதும் வாயாலதான் மூச்சு விடுவா.”

“ஆமா,” என்றேன்.

“எப்பலேர்ந்து அங்க இருந்தா?”

“எண்பத்தி நாலு.”

விரல்விட்டு எண்ணினாள். என் பக்கம் திரும்பவே இல்லை, மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“இருபத்திரண்டு வருஷம். நான் அந்தச் சந்து வழியாக் காய்கறி தூக்கிட்டுப் போனேன். நீ மட்டும் இவளைப் பாத்துட்டு இருந்திருக்க.”

உனக்குத் தாங்காதுன்னு நெனச்சேன் என்றேன்.

“என்னைக் கேட்டியா?”

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பிறகு அவளுக்குக் கழுத்து வலித்தது. அப்படியும் எழ மறுத்தாள். சங்கிலியை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லெயிரேதான் வந்து மெதுவாக இறக்கினாள்.

பிப்ரவரி 28

பெட்டியில் ஆணி அடித்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பெனிக்னாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மார்ச் 1, சாம்பல் புதன்

மடத்துக்குத் தனியாகப் போய்விட்டாள். நான் சாம்பல் பூசிக்கொள்ளவில்லை. கோட்டில் ஒட்டிய கல்தூசை அவள் இன்னும் தட்டவில்லை, ஆணியில் அப்படியே தொங்குகிறது.

ஏப்ரல் 9, குருத்து ஞாயிறு

பேசுகிறாள். உப்பு போதுமா, மருந்து எடுத்தாயா, ஜன்னலைச் சாத்து. கோபித்துக்கொண்டு தட்டை உடைத்தால் தேவலை.

இருமல் எண்ணவில்லை. டாக்டர் திட்டட்டும்.

ஜூன் 8, 2006, வியாழன்

வலையை அவிழ்த்துச் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள் என்று நேற்று பாரில் சொன்னார்கள். வாசல் பளபளவென்று இருக்கிறதாம். நான்காவது ஆளுக்கு மட்டும் தலை இல்லை, கழுத்தோடு மட்டமாக நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தான் ஒருத்தன். வீட்டுக்கு வந்து பெனிக்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை.

இன்று காலை பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, நல்ல காலணியை மாட்டிக்கொண்டாள். எங்கே என்றேன். சதுக்கத்துக்கு என்றாள். நானும் எழுந்து தொப்பியை எடுத்தேன்.

“நீ இரு,” என்றாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். பின் சந்துப் பக்கம் திரும்பவில்லை, நேராகப் போனாள்.

இரண்டு மணிக்குப் பூண்டு சூப்பைச் சூடாக்கி, இரண்டு தட்டு வைத்தேன். மூன்று மணிக்கு மறுபடியும் சூடாக்கினேன். இப்போது நாலரை. அவள் இன்னும் வரவில்லை. போய்க் கூப்பிட எனக்கு உரிமையில்லை.