மாப்பிள்ளை மூஞ்சி வைத்தியம்

மாசி 4, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கொடிக்காலில் இன்று வெற்றிலை கிள்ளவில்லை, கூலியாள் வரவில்லை.

அதற்குப் பதிலாக நங்கையா வந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. ஜேடர்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே. கையில் பை, பை நிறைய வேப்பிலை. பரமத்தி வேலூரில் வேப்பமரமே இல்லாத மாதிரி. இனிமேல் இந்த நோட்டில் ந. என்று போட்டால் போதும். அவளுக்கு அதற்கு மேல் மை செலவழிக்க மனசில்லை.

என் மகன் பிரபுவுக்குப் பெண் பார்த்திருக்கிறாளாம். மல்லசமுத்திரம். பெண் பெயர் கவிதா, மில் ஆபீஸில் வேலை. வருகிற ஞாயிறு திருச்செங்கோடு மலைக்கோயிலில் வைத்துப் பார்ப்பது. பையனுக்கு இருபத்தொன்பது. எத்தனை இடம் தட்டிப்போனது என்று எண்ணுவதை விட்டாயிற்று. ஒருத்தருக்கு ஜாதகம் சேரவில்லை, ஒருத்தருக்கு அவனுடைய மோட்டார் காயில் கட்டுகிற கடை பிடிக்கவில்லை, ஒருத்தர் போனையே எடுக்கவில்லை.

ந. சொன்னது: "எங்க ஊட்டுக்காரரு பங்காளி ஊட்டுப் புள்ளை. என்ற பேச்சுக்காவத்தேன் ஒத்துக்கிட்டாங்க. ஆனா இவன் மூஞ்சிப் பருவப் பாத்தா களி கொதிக்கறாப்பல இருக்குது. ஒரு வாரத்துல சரி பண்ணோணும் அம்மிணி."

"ஒரு வாரத்துல ஊட்டுக்கே வெள்ளையடிக்க முடியாதுங்க நங்கையா," என்றேன்.

சிரிக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சிரித்துப் பார்த்ததில்லை. பல் இருக்கிறது, அது வெற்றிலைக்கு.

நானும் பையனைக் கடலைக்காடு என்று கூப்பிடுகிறவள்தான். அது வேறு. நான் பெற்றவள்.

மாசி 5, திங்கள்

வேப்பிலை அரைத்துப் பூச்சு. அம்மியில் அரைத்தது நான், பூசியது அவள். காய்ந்ததும் பிரபு மூஞ்சி சாணி மெழுகின வாசல்.

சாப்பாட்டுக்குக் கட்டளை: கடலை கூடாது. கோழிக்கறி கூடாது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. முட்டை தின்னக்கூடாது, முகத்தில் பூசலாம். நாமக்கல் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

மத்தியானம் வடை சுட்டேன். முக்கால்வாசி ந. வயிற்றில். அவளுக்குப் பரு வராது. அவள் மேல் முளைக்கப் பருவுக்கும் பயம்.

மாசி 7, புதன்

முட்டை வெள்ளைக்கரு. கழுவ நேரமில்லாமல் அப்படியே கடைக்குப் போய்விட்டான். காயில் கட்ட வந்த ஒரு ஆள் கேட்டாராம், "ஏனுங்க பிரபு, மோட்டாருக்கு அடிக்கற வார்னிஷ மூஞ்சிக்கும் ஒரு கோட்டிங் உட்டுட்டீங்களாட்டம்?"

சாயங்காலம் சோறு தின்றுகொண்டே சொன்னான். எனக்குப் புரையேறும் வரைக்கும் சிரிப்பு. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரிக்குச் சோற்றுக்கற்றாழை. அதுதான் குளுகுளுவென்று இருக்கிறது என்றான். உடனே ந. அதை நிறுத்திவிட்டாள். "குளுகுளுன்னு இருந்தா அது மருந்தா? மருந்துன்னா எரியோணும்."

கிணற்று மோட்டார் சத்தம் சரியில்லை. பிரபுவிடம் சொல்ல மறந்தேன்.

மாசி 9, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ந. இடுப்பில் எப்போதும் சுண்ணாம்பு டப்பா. அதிலிருந்து வழித்து மஞ்சள்தூளோடு குழைத்தாள். ரத்தமாகச் சிவந்தது. கால் பிசகினால், கட்டி வந்தால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் போடுகிற பத்துதான்.

"அது காலுக்குப் போடறதுங்க நங்கையா. கன்னத்துக்கா?"

"கட்டிக்குப் போட்டா அமுங்குதில்ல? பருவும் குட்டிக் கட்டிதேன்."

"அது கெட்டித் தோலுங்க."

"உனக்குச் சம்பந்தம் வேணுமா, வேண்டாமா அம்மிணி?"

வாயை மூடிக்கொண்டேன். வேணுமே.

பிரபு நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையும் முட்டி மேல். கொஞ்ச நேரத்தில், "எரியுதுங்க அத்தை."

"எரிஞ்சாத்தேன் பரு கேக்கும் சாமி. அசையாம இரு."

என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொன்னேன்? "நல்லாத்தேன் இருக்குது கண்ணு, குங்குமம் பூசுன கோயில் கல்லாட்டம்." அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

கழுவும்போது இடது கன்னத்தில் தோலும் சேர்ந்து வந்துவிட்டது.

மாசி 10, சனி

இரண்டு கன்னமும் தீய்ந்த மாதிரி. இடது பக்கம் நீர் கசிகிறது. கடை திறக்கவில்லை. அறையில் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறான்.

ந.: "தோல் உரியுதுன்னா புதுத்தோல் வருதுன்னு அர்த்தம்."

"பாம்புக்கும் அப்படித்தானுங்க," என்றேன், அவளையே பார்த்துக்கொண்டு.

வீட்டுக்காரர்: "அக்கா வேணும்னா செஞ்சுது?" அவர் ரசத்தில் உப்பு இரண்டு பங்கு. பேசாமல் குடித்தார்.

நாளைக்குப் போவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். ந. கேட்கவில்லை. ஒரு தாட்டி தள்ளினால் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்களாம். அவள் வெற்றிலையை நான்தான் மடித்துக் கொடுத்தேன், காம்பு கிள்ளாமல்.

மாசி 11, ஞாயிறு

மலைமேல் காற்று. பெண் வீட்டார் நாலு பேர். கவிதா நல்ல உயரம், மாநிறம், பளிச்சென்ற பார்வை. பிரபு கைக்குட்டையும் கையுமாக.

பெண்ணின் அம்மா: "ஏனுங்க, தம்பிக்குக் கன்னத்துல என்னங்க?"

ந. முந்திக்கொண்டாள். "கடையில சூடா வார்னிஷ் தெறிச்சிருச்சுங்க. நேத்துத்தேன்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ருசியாக இல்லை.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று விட்டார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் விளக்கேற்றுகிற மாதிரி நின்றேன். தீக்குச்சிதான் வீண்.

"வார்னிஷா?"

"இல்லீங்க. சுண்ணாம்பு. பருவுக்குன்னு அத்தை போட்டாங்க."

"எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுதுங்க."

"எந்திரிக்கலையா நீங்க?"

பிரபு கைக்குட்டையை நாலாக மடித்தான்.

"உங்கம்மா பக்கத்துல இல்லையா?"

"இருந்தாங்க."

அந்தப் பெண், "வெயில்ல நிக்காதீங்க. இப்படி நெழலுக்கு வாங்க," என்றது.

அதைக் கேட்டு அமைந்துவிடும் என்றே நினைத்தேன். இறங்கும்போது மனசுக்குள் புடவை நிறமெல்லாம் எடுத்துவிட்டேன்.

மாசி 13, செவ்வாய்

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ந. ஊரிலிருந்து போனில் கத்தினாள். "வார்னிஷ்னு நான் மூடி வெச்சேன், உன்ற மகன் தொறந்து கொட்டீட்டான். புத்தி ஆரு மாதிரி இருக்கும்?"

"உங்க தம்பி மாதிரிங்க," என்று வைத்துவிட்டேன்.

மனசு ஆறாமல் பெண்ணின் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். தன்மையாகத்தான் பேசினார்கள். "பரு ஆருக்குத்தானுங்க வரலை? அதுக்காவ வேண்டாம்னு சொல்லலைங்க. எங்க பாப்பா ஒண்ணு கேக்குது. தனக்கு எரியறப்பவே எந்திரிக்காதவரு, நாளைக்கு எனக்கு எரிஞ்சா எந்திரிப்பாரான்னு. எங்களுக்குப் பதில் தெரியலைங்க."

அந்தப் பெண்ணைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. இருந்த திட்டெல்லாம் ந.வுக்கே தீர்ந்துபோயிருந்தது.

பிரபுவிடம் அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மாசி 15, வியாழன்

மேகமூட்டம், மழையில்லை. பிரபு யாரிடமும் சொல்லாமல் நாமக்கல் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறான். சட்டைப்பையில் ஒரு டியூப் தெரிந்தது. என்ன மருந்து என்று கேட்டேன், டாக்டர் கொடுத்தது என்றான். அறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள். அவனே அடித்திருக்கிறான்.

மாசி 18, ஞாயிறு

ந. மறுபடியும். இந்தத் தடவை குப்பைமேனி. கொல்லைப்பக்கமாக வந்து நேரே பிரபு அறைக்குப் போனாள். தாழ்ப்பாள். தட்டினாள்.

"சாமி, தொற. இது எரியாது."

உள்ளேயிருந்து: "வேண்டாம் அத்தை. எடுத்துட்டுப் போங்க."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் நடுங்கவும் இல்லை.

"கேட்டியா அம்மிணி, உன்ற மகன் பேச்சை?"

"கேட்டேனுங்க. இன்னொருக்காச் சொல்லச் சொல்லட்டுங்களா?"

காப்பி குடிக்காமல் போய்விட்டாள். குப்பைமேனியை ஆட்டுக்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு நல்ல நாள் இல்லை.

அவளுக்குப் போட்ட காப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். "சாமி, அவ போயிட்டா. தொற. கடலைக்காட்டை ஒருக்காப் பாத்துக்கறேன்."

மறுபடியும் தட்டினேன்.

"சும்மா சொன்னேன் கண்ணு. தொற."

"வெச்சிட்டுப் போங்கம்மா."

கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். நான் அடுப்படிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.