காற்றுக்கு நின்ற அடுக்கு வண்டி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் இருமல் விட்டதா, வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போகிறாயா என்று முதலில் எழுது. உடம்பைப் பற்றித்தான் சுகம் என்றேன், மனசையும் சேர்த்துக் கேட்டால் பதில் வேறு. இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன், எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என்ன சண்டை, ஏன் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று போனில் கேட்டாய் அல்லவா. போனில் எப்படிச் சொல்வேன், நீ கூப்பிட்டாலே உன் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் அவர் டியூட்டிக்குப் போன நேரம் பார்த்துக் கடிதம் எழுதுகிறேன்.

நீ போன பிறகு நம் ரயில் லைனில் ஒரு வருஷமாக நடந்த வேலையை நீ பார்க்கவில்லை. கன்டெய்னர் பெட்டி மேல் இன்னொரு பெட்டி ஏற்றி, மாடி வைத்த வண்டிகளாக விடப்போகிறோம் என்று லைன் முழுவதையும் புரட்டிப் போட்டார்கள். மின்கம்பியை உயர்த்தினார்கள், மலைக்குள் போகும் சுரங்கத்தில் மேலே உடைக்க முடியாது என்று தரையைத் தோண்டித் தண்டவாளத்தைக் கீழே இறக்கினார்கள். கடைத்தெரு மேம்பாலத்தை இடித்து ஓராள் உயரம் கூட்டிக் கட்டினார்கள், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. கடை முதலாளி, சீக்கிரம் கெளம்பி வாங்கம்மா, பாலமா உங்களுக்காகக் குனியும் என்கிறார். நம் சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். ரயில்வேக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது பழைய விரிசல்தான் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

முதல் அடுக்கு வண்டியை ஓட்ட உன் அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு நேரம் கண்ணாடி முன் நின்றதில்லை. வண்டி கிளம்பும் அன்று பார்த்து அவருடைய உதவி டிரைவருக்குக் காய்ச்சல். அப்பனையும் மகனையும் ஒரே இன்ஜினில் போடுவதில்லை, ஆனால் அந்த வண்டிக்குப் பயிற்சி முடித்த உதவி டிரைவர் அன்றைக்கு உன் அண்ணன் ஒருவன்தான் இருந்தான், அவனையே ஏற்றிவிட்டார்கள். நான் அன்று கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை, கண்ணைச் சோதிக்க வந்தவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரரும் மகனும் சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

வண்டி ஆற்றுமுகத்தில் இருக்கும் நீளப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. கீழ்ப்பெட்டிகளில் சரக்கு, மேல்பெட்டிகள் காலி. காலிப் பெட்டியைத்தான் காற்று தள்ளும் என்று உன் அப்பா அடிக்கடி சொல்வார். காற்றை அளக்கும் கருவியைப் பாலத்தில் அப்போது இன்னும் மாட்டியிருக்கவில்லை, நிலைமையைப் பார்த்து டிரைவரே முடிவு செய்துகொள்ளலாம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் அப்பா பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். போகலாம்ப்பா, சிக்னல் பச்சையா இருக்கு என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். இரு என்றாராம். கன்ட்ரோலில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், எதுக்குய்யா நிக்கிற, ஊரே பாத்துக்கிட்டு இருக்கு என்று. அதற்கும் இவர், காத்து கொறையட்டும் சார் என்று அந்த ஒரே பதில்தான். பின்னால் பாசஞ்சர் வண்டிகள் வரிசையாக நின்று ஜனம் கீழே இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. துறைமுகத்தில் மேடை போட்டுக் காத்திருந்த பெரிய அதிகாரிகளும் போட்டோக்காரர்களும் வீட்டுக்குப் போன பிறகுதான் வண்டி போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவரை வண்டி ஓட்ட விடாமல் லைனில் இருந்து இறக்கிவிட்டார்கள் என்பதே எனக்குத் தெரியாது. தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போவார், வருவார். இன்ஜின் ஷெட்டில் இருக்கும் கிளார்க் மூக்குக் கண்ணாடி கால் உடைந்துபோய் எங்கள் கடைக்கு வந்தவர், அக்கா, உங்க வீட்டுக்காரரு பாவம் ஆபீஸ் பெஞ்சில உக்காந்தே பொழுத ஓட்டுறாரு, நீங்களாவது ஆறுதல் சொல்லக் கூடாதா என்றார். என் கையில் இருந்த திருகாணி கீழே விழுந்து எங்கே உருண்டது என்றே தெரியவில்லை. விசாரணை நடந்தது. அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று ஊரில் இரண்டு பேர்கூட ஒரே மாதிரி சொல்லவில்லை. படகுக்காரர் பேய்க்காற்று என்றார், ஸ்டேஷன் மாஸ்டர் என் மேசையில் காகிதம்கூடப் பறக்கவில்லை என்றார். கடைசியில் உன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவன், போயிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுச்சு சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

உன் அப்பா கோபப்படவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். அவனுக்குத் தோணினத சொன்னான், வேற என்ன சொல்லச் சொல்ற என்று என்னிடம்தான் எரிந்து விழுந்தார். அண்ணனால்தான் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்குக் குளிக்க வேண்டியிருக்கும், அவன் உட்கார்ந்தால் இவருக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். டீக்கடையில் உன் அப்பாவுக்குக் காத்து மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். முடிவில் அவருக்குத் திரும்ப வண்டி கொடுத்தார்கள், ஆனால் பழைய சாதாரண கூட்ஸ்தான். அண்ணன் பரீட்சையில் தேறி டிரைவர் ஆனதும் அடுக்கு வண்டியை அவன் கையில் கொடுத்தார்கள். நான் சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். காலையில் இருந்தே காற்று, மாடியில் காயப்போட்ட துணி எதிர்வீட்டுக் கம்பியில் தொங்குகிறது. அண்ணனுக்கு அன்றைக்கு அடுக்கு வண்டி டியூட்டி. உன் அப்பாவுக்கு விடுமுறை. நல்லா இருந்த குழாயைக் கழற்றினார், அதை மாட்டாமல் மின்விசிறியைக் கழற்றினார், அப்புறம் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நேரே ஆற்றங்கரை. பாலம் தெரியும் இடத்தில் நின்றோம், முந்தானை என் கையில் நிற்கவில்லை. வண்டி தூரத்தில் வந்தது. நிக்கப்போறான் பாரு என்றார். நிற்கவில்லையடி. மெதுவாகப் பாலத்தில் ஏறியது, பெட்டி பெட்டியாகக் கண் முன்னால் போகிறது, முடியவே இல்லை. உன் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கடைசிப் பெட்டி அக்கரையில் இறங்கியதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நல்லபடியா போயிட்டான்ல, இனிமேலாவது நிம்மதியா இருங்க என்றேன். அப்போதுதான் சொன்னார், அன்னைக்கு நான் தனியா இருந்திருந்தா போயிருப்பேன், பக்கத்துல அவன் உக்காந்திருந்தான் என்று. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இதை விசாரணையில் சொன்னீர்களா என்று கேட்டேன். காத்துன்னு சொன்னேன், காத்தும் இருந்துச்சு, பொய் இல்ல என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். தெரிஞ்சா அவன் கை நடுங்கும், ஓட்டுறவனுக்கு அது ஆகாது என்கிறார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து சாப்பிட்டான். பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடி பிரேக்ல கை வெச்சேம்மா, அப்புறம் எடுத்துட்டேன் என்றான். பிறகு எழுந்து, கை கழுவுகிற சாக்கில் அப்பா ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், என்னைத் திட்டாதே, நீயாக இருந்தாலும் நின்றிருப்பாய். பாலத்துல என்ன வேகம் வெச்ச என்று அவர் கேட்டார். அவன் சொன்னான். இன்னும் கொறைச்சுக்கோ என்றார். சரிப்பா என்றான். இத்தனை மாசத்துக்கு அவ்வளவுதான் பேச்சு, அதற்கே நான் உள்ளே வந்து பாத்திரத்தை உருட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் ஓட்டுகிறான், யாருக்காகப் பயந்தார் என்று தெரியாமலே. பாலத்தில் காற்றை அளக்கும் கருவி மாட்டப்போகிறோம் மாட்டப்போகிறோம் என்கிறார்கள், இன்னும் மாட்டியபாடில்லை. காற்றடித்தால் வாசலில் போய் நின்றுகொள்கிறேன். தெரிந்தால் கை நடுங்குமா, இல்லை கை கொஞ்சம் நிதானப்படுமா என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, கிடைத்ததைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்கட்டும், நினைத்தது கைகூடி நீண்ட காலம் நன்றாக இரு, என் ராசாத்தி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் உன்னைக் கூப்பிடுவான். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. வேண்டாம், அப்படிச் சொல்லாதே. நான்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா