மண்டி போடாத பரீட்சை

எண்டெபி,
வியாழன் இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்ன மகள் நபோசா மண்டியிட்டு வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கத்தார் வெயிலில் வாசல் காவல் நிற்கும் உங்களுக்குக் கடவுள் நிழல் கொடுக்கட்டும்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அத்தை. எழுந்து வந்தால் என் கதி அவ்வளவுதான். விடுப்பு முடிந்து நாளை காலை அங்கே திரும்பும் செபுன்யா அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை உங்களுக்குப் போன் செய்வதற்குள் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

ஸ்கோவியா அக்கா உங்களிடமும் அத்தையிடமும் சொன்னபடி கேக் செய்யப் படிக்கவில்லை அப்பா. ஹோட்டல் பாரில் மது கலந்து கொடுக்கும் வேலைக்குப் படிக்கிறாள். பதறாதீர்கள். அவள் குடிப்பதில்லை. வகுப்பில் ருசி பார்த்துவிட்டுத் துப்பச் சொல்வார்களாம். "துப்புறதுல நான்தான்டி முதல் மார்க்கு" என்கிறாள்.

எவ்வளவு படிப்பு தெரியுமா! ரத்தம், சளி எல்லாம் சோதித்து மருத்துவரிடம் கையெழுத்து வாங்கினாள். யாருக்கு ஊற்றக் கூடாது என்ற சட்டப் பரீட்சையிலும் தேறிவிட்டாள். என்னை வாடிக்கையாளராக உட்கார வைத்துச் செம்பருத்தித் தண்ணீரை அளந்து ஊற்றுவாள். நான் கிளாஸை எடுக்கப் போனால், "உனக்குப் பதினாலுதான், போய்த் தூங்கு பாப்பா" என்று பிடுங்கிக்கொள்வாள்.

போன வாரம் செய்முறைப் பரீட்சை. பரீட்சை வைப்பவர்களே வாடிக்கையாளர்களாக வந்து உட்கார்ந்தார்களாம். அதில் ஒருவர் தலையெல்லாம் நரைத்த பெரியவர். அக்கா அழகாகக் கலந்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொடுக்கும்போதுதான் பிசகிவிட்டது. வீட்டில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் மண்டி போட்டுத்தானே கொடுப்போம், அந்தப் பழக்கதோஷத்தில் அவர் முன்னும் மண்டி போட்டுவிட்டாள். கவுண்டர் அவள் மார்பு உயரம் அப்பா! ஆளே மறைந்துபோய், கிளாஸ் பிடித்த கை மட்டும் மேலே நின்றதாம். அவர் எட்டிப் பார்த்து, "அம்மாடி, எங்க போயிட்ட? கையை மட்டும் வேலைக்கு விட்டுட்டுப் போயிட்டியா?" என்று கேட்க, அறையே சிரித்ததாம். வரும் திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். நின்றபடி கொடுக்க வேண்டும். தேறினால் சான்றிதழ். அது இல்லாமல் எந்த ஹோட்டலும் அவளைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தாது.

அன்றிலிருந்து நான்தான் பெரியவர். கோட்டு மாட்டிக்கொண்டு இருமுவேன். அவள் முட்டி மடங்கினால் அகப்பையால் ஒரு தட்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் பழக்கம் முற்றிவிட்டது. நேற்று மாலை அத்தைக்கு நின்றுகொண்டே டீயை நீட்டிவிட்டாள்.

அத்தை கிளாஸை வாங்கவே இல்லை. "என்னடி இது, எனக்கே நின்னுக்கிட்டு டீ குடுக்குற? கால்ல ஆணி அடிச்சிருக்கா?" என்று கத்தினாள். அக்காவுக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "உங்கப்பன் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், திங்கக்கிழமை வாசப்படி தாண்ட மாட்டே" என்றாள் அத்தை. அம்மா போன பிறகு எங்களை வளர்ப்பவள், அவளை நான் குறை சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவள், "கை மட்டும் தெரிஞ்சிச்சாமே" என்று தனக்குத்தானே சொல்லி வாய் பொத்திச் சிரித்தது எனக்குக் கேட்டது.

அக்கா இன்று சாப்பிடவில்லை. அவளுக்கு வேலை கிடைத்தால் நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டாம் என்று அவள்தான் அடிக்கடி சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்கும்போது "போகட்டும்" என்று சொல்லுங்கள் அப்பா. அத்தை போனை என்னிடம் தர மாட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் சத்தமாகச் சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். உங்கள் குரல் எனக்கும் கேட்க வேண்டும்.

உங்கள் ஆசியை வேண்டும் மகள்,
நபோசா