அரை லைசென்ஸும் முழு லாரியும்

அன்பு மகள் நவ்கிரணுக்கு,

ஸ்டாக்டனிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், கிளாஸ்கோ மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவுக்குக் கண்புரை எடுத்த இடம் நன்றாக ஆறுகிறது. ஒரு கண்ணை மூடிக் கட்டியிருப்பதால் என் சமையலில் பாதிக் குறைதான் தெரிகிறதாம், எனக்கு அதுவும் லாபம். இன்னும் சில வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் வீட்டில் உட்கார்ந்து என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நம் பழைய லாரியின் என்ஜின் போனது உனக்குத் தெரியும். இனித் துறைமுகத்துக்குள் புதிதாகச் சேர்க்கிற லாரி மின்சாரத்தில்தான் ஓட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும், அப்பா குருத்வாராவில் டீ குடிக்கும் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு மாதம் அதைத் திட்டினார், திட்டி முடித்ததும் போய் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வேறு வழி? நமக்குச் சோறு போடுவதே ஓக்லாந்து துறைமுகம்தானே. பாதாம் ஏற்றுமதிக்காரர் வேறு, "மொத கண்டெய்னர் கப்பலுக்குத் தப்பாமப் போவட்டும் சர்தார்ஜி, சீசன் பூரா உங்களுக்குத்தான். தப்புச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே கழுத்தில் கத்தி வைத்துவிட்டார். அந்த சீசன் கைவிட்டுப் போனால் நம் லாரி கம்பெனிக்குப் பூட்டுத்தான்.

வண்டி வந்த அன்று அர்தாஸ் பிரார்த்தனை சொல்லி, அல்வா கிண்டி, எல்லாம் முறைப்படி நடந்தது. சிந்தர் அத்தை கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். புதுசாக வருகிறவர்களுக்கு நம் வழக்கப்படி வாசலில் எண்ணெய் ஊற்றாமல் அவளால் இருக்க முடியுமா, உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஷூவுக்குள் ஊற்றியவள் அல்லவா! சக்கரத்துக்கு ஊற்றினாள், கதவுக்கு ஊற்றினாள், அப்புறம் "ஏன்டா, இது எது வழியாச் சாப்பிடும்?" என்று கேட்டாள். அப்பா பெருமை தாங்காமல் சார்ஜ் ஏற்றும் துளையின் மூடியைத் திறந்து காட்டினார். மிச்ச எண்ணெய் முழுவதும் அதற்குள் போய்விட்டது. தடுத்திருக்க வேண்டிய நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், படம் மட்டும் அருமையாக வந்திருக்கிறது.

மெக்கானிக் பெண் வந்து துடைத்துச் சோதித்துச் சார்ஜ் ஏற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அவள் ஒன்றும் பழுதில்லை என்றாள். ஆனால் நம் டிரைவர் குர்மேல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணி, ஸ்டார்ட் பண்ணா சத்தமே வரல. எம் பொண்டாட்டி சத்தம் போடாம இருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. இது எடுத்ததுமே எண்ணெயக் குடிச்சு மக்கர் பண்ணுது, நான் மாட்டேன்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். விடிந்தால் கண்டெய்னரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்பா யார் யாருக்கோ போன் போட்டார், ஒருவரும் வரவில்லை.

போன வருஷம் நான் வாங்கிய லாரி லைசென்ஸ் ஞாபகம் இருக்கிறதா? கியர் போடத் தெரியாமல் இரண்டு முறை தோற்று, கடைசியில் ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டிக் காட்டி வாங்கினேனே, கியர் வண்டியைத் தொடக் கூடாத அதை அப்பா "அரை லைசென்ஸ்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாரே! சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இந்த லாரியில்தான் கியரே இல்லையே என்றேன். அப்பா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

காலையில் ஓட்டினேன் மகளே. அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரைவிரிப்பைக் கிழித்துவிட்டார். ஆல்டமான்ட் மேட்டில் ஏற ஏறச் சார்ஜ் மளமளவென்று இறங்கியது, என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது, அப்பா வாஹேகுரு வாஹேகுரு என்று முணுமுணுத்தார். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும், சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே பேட்டரி நிரம்பி, சார்ஜ் எண் தானாக மெல்ல ஏற ஆரம்பித்தது. "அட, எறக்கத்துல இது சம்பாதிக்குதுடி!" என்று கத்தினார் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலுக்கு நேரம் இருக்கும்போதே கண்டெய்னரை ஒப்படைத்துவிட்டோம். பாதாம்காரர் அங்கேயே போனில் சீசனை உறுதி செய்தார். திரும்பும் வழியில், வேலை தேடி ஒரு டிரைவர் அப்பாவுக்கு போன் செய்தார். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இல்லப்பா, டிரைவர் கெடச்சாச்சு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா வண்டிய அருமையா ஓட்டுது."

குருவின் அருளால் நீங்கள் இருவரும் நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, வேலை நாளில் போன் செய்யாதே, வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா மன்ஜோத் கௌர்,
லாரி டிரைவர்