நூற்று அறுபத்தெட்டு வோல்ட்டும் உங்கள் தாராளமும்

பிளக் சூடேறிப் பிளாஸ்டிக் இளகும் அந்த வாசனை இன்று மத்தியானம் மறுபடியும் வந்தது. காரமடைக்குப் பக்கத்தில் என் அண்ணன் தோட்டத்தில், போன முறை நின்ற அதே தென்னைக்குக் கீழே நம் கேரவன் நிற்கிறது. டிரைவர் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மோட்டார் ரூமிலிருந்து நானே ஒயரை இழுத்துச் சொருகி, வெக்கை தாங்காமல் ஏ.சி.யையும் போட்டிருந்தேன். கதவுக்கு மேலே நீங்கள் பதித்து வைத்த மீட்டரில் 172 என்று சிவப்பாக எரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தெரியுமா?

முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினவர் நீங்கள். கருகிய காயிலை மூக்கருகில் கொண்டுபோனாலே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். "லோ வோல்டேஜ்ல ஓட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது" என்பீர்கள். கொண்டுவந்தவர் தலையைச் சொறிவார். "வோல்டேஜ் கொறஞ்சா மோட்டாரு சும்மா இருக்காதுங்க. அதே வேலையச் செய்யோணும்னு கரண்ட்ட அதிகமா இழுக்கும், சூடேறும், கடைசில தானே எரிஞ்சு போயிரும்." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! எனக்கே மனப்பாடம்.

ஒர்க்‌ஷாப்பைக் கொடுத்துவிட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கி, இரண்டு கட்டில், ஒரு சின்ன பிரிட்ஜ், ஒரு ஏ.சி. என்று ஆறு மாதம் அதோடேயே குடித்தனம் நடத்தினீர்கள். போகிற இடத்தில் யார் வீட்டுக் கரண்ட்டில் சொருகினாலும் முதலில் மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். இருநூறுக்குக் கீழே ஏ.சி.யைத் தொடக்கூடாது. நூற்று எண்பதுக்குக் கீழே வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு லைட்டும் ஃபேனும் போதும். ஒயர் மீந்தால் சுருட்டியபடி விடக்கூடாது, சூடாகும். சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டேன்.

அப்படிப்பட்டவர் முதல் பயணத்திலேயே, இதே இடத்தில் என்ன செய்தீர்கள்? மச்சான் தோட்டத்துக்கு வண்டியைக் காட்ட வந்தோம். அண்ணன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்தார். "ஏ.சி.யப் போடுங்க மாப்ளே, அனுபவிச்சுப் பாக்கலாம்" என்றார். வெளியே வாழைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம் அண்ணன் தோட்டத்துடையது. மோட்டார் ஓடினால் இங்கே கரண்ட் சோர்ந்துவிடும். மீட்டரில் 190. ஏ.சி.யைப் போட்டீர்கள். ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டது.

நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மோட்டார அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

"தண்ணி கட்டறப்ப எப்படி அம்மணி கேக்கறது? அவர் ஊட்டுக் கரண்ட்டக் கொறை சொன்ன மாதர ஆயிரும்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் கேட்டார், "கரண்ட் பத்துதுங்களா மாப்ளே?"

"தாராளமா இருக்குதுங்க மச்சான்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே வேறு. அண்ணன் எழுந்து வெளியே போய் வந்தார். நான் பார்க்கும்போது மீட்டரில் 168. இன்றைக்கு வந்த அதே வாசனை அன்றைக்கும் வந்தது. கம்ப்ரசர் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. வந்தவர்களிடம், "போதுங்க, நல்லாக் குளுந்து போச்சு" என்று சொல்லி அனுப்பினீர்கள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் திட்டினேன். இன்னும் நன்றாகத் திட்டியிருக்க வேண்டும்.

அடுத்த தையில் ஈரோட்டில் உங்கள் அக்கா பேரன் கல்யாணம். முன்வரிசையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. ஃபேனுக்குக் கீழே இத்தனை வேர்வை எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அம்மணி. முகூர்த்தம் ஆகட்டும், இப்ப எந்திரிச்சா எல்லாரும் பாப்பாங்க." அக்கா வந்து கேட்டார், மாப்பிள்ளையின் அப்பா வந்து கேட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்: "நல்லா இருக்கறனுங்க." அங்கே என்னிடமும் மீட்டர் இல்லை. தாலி கட்டி முடித்து, நீங்கள் எழுந்து நின்று அட்சதையும் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் சாய்ந்தீர்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? கல்யாண வீட்டில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தார் என்றா?

இன்றைக்கு மத்தியானம் அந்த வாசனையில் நான் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார், "ஏங் கண்ணு, கரண்ட் பத்துதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், 'தாராளமா இருக்குதுங்கண்ணா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்த பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்தலைங்கண்ணா. மோட்டார நிறுத்துங்க, பிளக்கு எரியுது" என்றேன்.

அண்ணன் முகம் சுளிக்கவில்லை. விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போனார். மீட்டரில் எண் ஏறியது, 214. திரும்பி வந்தவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கென்ன கண்ணு, ஒரு சுச்சு. தண்ணி சாயங்காலம் உட்டுக்கலாம்" என்றார். பிறகு, "அன்னைக்கு மாப்ள தாராளமா இருக்குதுன்னாரல்ல, அதக் கேட்டுப்போட்டுத்தான் ரெண்டாவது மோட்டாரையும் போட்டு உட்டேன்" என்றார்.

கேட்டீர்களா? நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அண்ணன் பயந்துபோய் இளநீர் வெட்டப் போனார்.

மகள் தினமும் சாயங்காலம் பெங்களூரிலிருந்து பேசுவாள். "எப்படிம்மா இருக்கறீங்க?" என்பாள். "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன்" என்பேன். ஒன்றரை வருஷமாக ஒரு நாள் விடாமல் இதே பதில்தான். இன்றைக்கு ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, 214-ஐப் பார்த்தபடி அவளிடம் சொன்னேன்: "நல்லா இல்ல சாமி. தூக்கம் வரமாட்டீங்குது. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. உங்கப்பா மேல கோவங்கோவமா வருது."

அவள் உடனே, "நாளைக்குக் காலைல வண்டியேறி வாரேம்மா" என்றாள்.

பாருங்கள். சொன்னால் வருகிறார்கள். உங்களுக்கும் வந்திருப்பார்கள்.