பத்துக்கு எத்தனை?

ஆகஸ்ட் 4, 2024

நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்து, வாசிப்பு, கேட்பது எல்லாம் தேறிவிட்டு, பேச்சில் போய்க் கோட்டை விட்டிருக்கிறேன். பேச்சில்! அரூர் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக வாயாலேயே பாதி நோயைக் குணப்படுத்துகிற அம்பிகா! போகட்டும். செப்டம்பரில் மறுபடி எழுதுகிறேன். அயர்லாந்து வேலை எங்கேயும் ஓடிவிடாது.

ஆன்லைன் வகுப்பில் மணிமேகலை மேடம் காரணத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். தேர்வில் நோயாளியாக நடித்த வெள்ளைக்காரி ‘லேசா டிஸ்கம்ஃபர்ட்’ என்றாள். நான் உடனே, ஒன்றுமில்லை, சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்துவிட்டேன்.

“நீங்க கேக்கவே இல்லியே அம்பிகா. ஆறுதல் சொல்லி அனுப்பிட்டீங்க.”

உண்மைதான். எங்கள் வார்டில் ஊசியை எடுப்பதற்கு முன்பே வாயில் வருவது ‘ஒண்ணுமில்ல’தான். வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்: பெயின், ஏக், சோர், டிஸ்கம்ஃபர்ட். நாலுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகஸ்ட் 7

அகராதியைப் பார்த்ததில் குழப்பம்தான் கூடியது. மூடி வைத்துவிட்டு வார்டில் படுத்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தேன். பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏக் என்றால் விடாமல் கூடவே இருப்பது, நம் குடைச்சல் மாதிரி. சோர் என்றால் தொட்டால் வலிப்பது: கட்டிலிலேயே கிடப்பவர்களின் முதுகு, சளி பிடித்த தொண்டை. ஸ்டாபிங் குத்தல். த்ராபிங் விண்விண் என்று தெறிப்பது. பெயின் எல்லாவற்றுக்கும் பொது. டிஸ்கம்ஃபர்ட் மட்டும் ஒரு தினுசு. வலி என்று சொல்லவும் விடாது, சும்மா இருக்கவும் விடாது.

இவ்வளவுதானா? இதற்கா பயந்தேன்?

ஆகஸ்ட் 10

டியூட்டி ரூமில் ஒத்திகை. கூட வேலை செய்கிற கோகிலவாணிதான் நோயாளி. என்ன மாதிரி பெயின் என்று இங்கிலீஷில் கேட்டேன். “மாமியார் பெயின் சிஸ்டர். விடாம கூடவே இருக்குது. ஏக்குன்னு எழுதிக்கோ.” சிரித்த சிரிப்பில் டாக்டரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 15

லீவு. சித்தேரிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா போன பிறகு மலையில் தனியாகத்தான் இருக்கிறாள். சாமைக்காட்டை விட்டு வர மாட்டேன் என்கிறாள். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினாள், கை அடிக்கடி வலது விலாவுக்குப் போயிற்று.

“வலிக்குதாம்மா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. அசதி.”

“பத்துக்கு எத்தனை வலி, சொல்லு.”

“ரெண்டு.”

எங்கள் மலைப் பெண்களுக்கு வலியை வாய்விட்டுச் சொல்வது கௌரவக் குறைச்சல். பிரசவத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். மலையிலிருந்து வருகிற எவள் ‘ரெண்டு’ என்றாலும் மனசுக்குள் நாலு கூட்டிக்கொள்வது என் வழக்கம். புது நர்ஸுகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கூட்ட மறந்துவிட்டேன். ரெண்டை ரெண்டாகவே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 16

என் வீட்டுக்காரர் சத்யராஜ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “நீ அயர்லாந்து போயிட்டா அத்தைக்கு என்னான்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துல இருக்கறப்பவே உனக்குத் தெரியலியே.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். இந்த மனுஷனுக்கு என்னா தெரியும்? நான் ஒருத்தி சம்பாதிக்கப் போறது எனக்காகவா? — சரி, அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிகிறது. பெற்ற மகளிடமே வலியைச் சொல்லாதவளை விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவேன்? அம்மா வாய் திறக்காவிட்டால் நான் தேறினாலும் ஒன்றுதான், தேறாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 18

முதல் பஸ்ஸில் மறுபடி மலைக்கு. இந்தத் தடவை வலிக்கிறதா என்று கேட்கவே இல்லை. மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரி வகை கேட்டேன்.

“குத்துதா?”

“குத்தல.”

“எரியுதா?”

“எரிச்சலும் இல்ல.”

“இழுக்குதா?”

சந்தையில் புளி பார்த்து வாங்குகிற மாதிரி நிதானமாக யோசித்தாள். “இழுப்புன்னு சொல்ல முடியாது. சோறு தின்னா வலப்பக்கம் முறுக்கும். முறுக்கிக்கினு முதுகுல போயி நிக்கும்.”

“எப்பருந்தும்மா?”

“ஆடிக்கு முன்னாடிருந்து.”

அடிப்பாவி அம்மா! வலி என்ற சொல்லை ஒரு தடவையும் சொல்லாமல் முழு விவரமும் சொல்லிவிட்டாள். அவளையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு அரூருக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

தர்மபுரியில் ஸ்கேன். பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். “எப்படிம்மா இவ்ளோ நாள் தாங்குனீங்க?” என்று டாக்டர் கேட்டார். “தாங்கறதுக்கு என்னாங்க இருக்குது, ரெண்டுதானே” என்கிறாள் என் தாய்.

ஆகஸ்ட் 29

நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: சாமைக்காட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

செப்டம்பர் 14

தேர்வு. உட்கார்ந்ததும் நோயாளியாக நடித்த அம்மாள், லேசாக டிஸ்கம்ஃபர்ட், பெரிதாக ஒன்றுமில்லை என்றாள். கவுன் போட்ட எங்கம்மா! சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்: குத்துகிறதா, எரிகிறதா, சாப்பிட்ட பிறகா, முதுகுக்குப் போகிறதா? நேரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். எனக்குத் தெரியும், தேறிவிட்டேன்.

அக்டோபர் 1

தேறிவிட்டேன்!

அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்: “நெசமான நம்பரச் சொல்றதா இருந்தாதான் நான் போவேன். இல்லன்னா இங்கயே கெடக்கறேன்.”

“பாக்கலாம்” என்றாள். எங்கள் மலையில் பாக்கலாம் என்றால் முடியாது என்றும் அர்த்தம். ஆனாலும் பாஸ்போர்ட் வேலையை நிறுத்தவில்லை.

ஜூன் 8, 2025, கார்க், அயர்லாந்து

இந்த ஊர்க் கிழவர்கள் எல்லோரும் எங்கள் சித்தேரி ஜாதிதான். இடுப்பு உடைந்து கிடப்பவரும் ‘ஐ யாம் கிராண்ட்’, அதாவது சௌக்கியம், என்கிறார். எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாளே பிடித்துவிட்டேன். கிராண்ட் என்றால் நாலு கூட்டு. வார்டு மேட்ரன் என்னைப் பார்த்து வியக்கிறாள்.

மதியம் போன். அம்மா. தானாக அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

“முழங்காலு. ஏழு.”

“நெசமாவே ஏழா? இல்ல, நான் நாலு கூட்டிக்கணுமா?”

“ஒண்ணும் கூட்டாத. ஏழுன்னா ஏழுதான்.” பிறகு குறையாகக் கேட்டாள்: “எந்த மாதிரின்னு கேக்க மாட்டியா?”

கேட்டேன். குடைச்சலாம். நாளைக் காலையில் மலைக்குப் போய் அழைத்துவரும்படி சத்யராஜிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வலி, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.